இலைச் சாயம் பருத்தித் துணியில் ஏன் நிற்பதில்லை?

மாவிலையை வேகவைத்துப் பருத்தித் துணியை முக்கினால், முதல் துவைப்பிலேயே நிறம் போய்விடுகிறது, உப்பும் வினிகரும் சேர்த்தும் பயனில்லை என்கிறீர்கள். கோளாறு இலையில் இல்லை, துணியைத் தயார் செய்ததில் இருக்கிறது. உப்பும் வினிகரும் இந்தச் சாயத்தைப் பருத்தியில் பிடித்து வைக்காது.

அரைக் கிலோ துணிக்கு அளவு சொல்கிறேன். எல்லாமே உலர்ந்த துணியின் எடையை வைத்துத்தான்.

முதலில் 10 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு, துணியை ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள். வெள்ளைத் துணியிலிருந்துகூடத் தேநீர் நிறத்தில் அழுக்குத் தண்ணீர் இறங்கும். கஞ்சியும் பஞ்சின் மெழுகும்தான் அது. அலசிக் காய வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் திரும்பவும் கொதிக்க வையுங்கள், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகத்தான் சாயம் ஏறும்.

அடுத்தது கடுக்காய். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சாயத்தைத் துணியோடு பிணைப்பது படிகாரம். அது பட்டிலும் கம்பளியிலும் தானாக ஒட்டும், பருத்தியில் அப்படி ஒட்டாது. நடுவில் துவர்ப்புச் சத்து வேண்டும். 100 கிராம் கடுக்காய்த் தூளை வெந்நீரில் கரைத்து வடிகட்டி, துணியை இரவு முழுக்க ஊறவிட்டுப் பிழிந்து, அலசாமல் நிழலில் உலர்த்துங்கள். துணி இளமஞ்சளாகும்.

பிறகு 75 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, தனியே கரைத்த 10 கிராம் சலவைச் சோடாவை மெல்ல ஊற்றுங்கள். பொங்கும், பெரிய பாத்திரமாக எடுங்கள். துணி இரண்டு மணி நேரமாவது ஊறட்டும், பின் அலசுங்கள்.

சாயத்துக்கு ஒரு கிலோ பச்சை மாவிலையை நறுக்கி, இரவு ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து வடிகட்டுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான், இரும்புச் சட்டி நிறத்தை மங்கலாக்கிவிடும். நனைத்த துணியை வெதுவெதுப்பில் போட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழ்வரை சூடேற்றி, ஒரு மணி நேரம் புரட்டிக்கொண்டே இருங்கள். துணி தாராளமாக நீந்த வேண்டும், நெருக்கினால் மடிப்புத் தடம் விழும். ஆறும்வரை அதிலேயே கிடக்கட்டும். நல்ல மஞ்சள் கிடைக்கும்.

பாசிநிறம் வேண்டுமானால், சாயமேறிய துணியை 5 கிராம் அன்னபேதி (இரும்பு உப்பு) கரைத்த நீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அதற்கு மேல் கூட்டாதீர்கள், இரும்பு அதிகமானால் நூல் இற்றுப்போகும்.

தேக்கின் கொழுந்திலையையும் இதே முறையில் முயலலாம். கையில் கசக்கினாலே உள்ளங்கை சிவக்கும். பச்சை இலையிலிருந்து பச்சை நிறத்தை எதிர்பார்க்காதீர்கள், பச்சையம் வெயிலில் வெளுத்துவிடும். அவுரி இந்த வழிக்கு வராது. அதன் நீலம் தண்ணீரில் கரையாது, புளிக்க வைத்தோ வேறு முறையிலோ அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்றித்தான் துணியில் ஏற்ற முடியும்.