பில்லில் விழுந்த 2147483647

கேள்வி: புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் பில் அடிக்கும்போது பிஸ்கட் பெட்டியின் எண்ணிக்கை 2147483647 என்று விழுந்தது. கம்பியூட்டர் பார்க்க வந்தவர் வைரஸ் என்று சொல்லிக் காசும் வாங்கிக்கொண்டு போனார். ஓ.எல். படிக்கும் மகளோ, இது முதன்மை எண் என்கிறாள். 3, 7, 11 என்று வகுத்துக்கொண்டே இருக்கிறாள். எதுவரை வகுக்க வேண்டும், மாஸ்டர்?
— வாசகர், புறக்கோட்டை

பதில்: வைரஸ் இல்லை ஐயா. எண்ணிக்கை எழுதும் கட்டத்தில் கேர்சர் நிற்கும்போது யாரோ பார்கோடை வாசிக்க வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். நம் நாட்டுச் சரக்கென்றால் 479 இல் தொடங்கும் 13 இலக்கம் அது. அவ்வளவு பெரிய எண் 32 பிட்டுக்குள், அதாவது 0 அல்லது 1 எழுதும் 32 இடங்களுக்குள், அடங்காது. சில மென்பொருள்கள் அப்போது தன்னால் முடிந்த ஆகப் பெரிய எண்ணைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்குப் போக மிச்சம் 31. ஆகவே உங்கள் பில்லில் விழுந்தது 2 இன் 31 ஆம் வலுவில் ஒன்று குறைவு.

மகள் சொன்னது சரி. வர்க்கமூலம் 46340 சொச்சம். அதுவரை வகுத்தால் போதும். ஆனால் அதற்குள் 4,700க்கு மேல் முதன்மை எண்கள் இருக்கின்றன. பிள்ளையின் கொப்பி முடிந்துவிடும்!

1772 இல் கணித மேதை ஒயிலர் இதை முதன்மை எண் என்று நிறுவியபோது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போயிருந்தது. வகுத்துப் பார்ப்பதற்கு முன் அவர் சல்லடை போட்டார். இந்த எண்ணுக்கு ஒரு முதன்மைக் காரணி இருந்தால் அதை 62 ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும். 8 ஆல் வகுக்க 1 அல்லது 7 வரவேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248 ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63. முதலில் வருகிற 63, 249 இரண்டும் முதன்மை இல்லை. அடுத்தது 311. அப்புறம் 1303 வரைக்கும் ஒன்றும் கிடையாது. மகள் வகுத்த 3, 7, 11 எதுவுமே தேவைப்பட்டிருக்காது. மொத்தம் நூறுக்கும் குறைவான வகுத்தல்கள்தான்.

நேற்று மின்சார பில்லின் பின்பக்கத்தில் நானும் இரண்டைப் போட்டுப் பார்த்தேன். 311 க்கு மீதி 35, 1303 க்கு 226. மூன்றாவதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது.

வலு முதன்மை எண்ணாக இருந்தாலே போதும், ஒன்று குறைத்து வருவதும் முதன்மை எண்தான் என்று மகள் நினைத்துவிட வேண்டாம். 2 இன் 11 ஆம் வலுவில் ஒன்று குறைத்தால் 2047. அது 23 × 89.

புது மென்பொருள் வாங்கினால் எல்லை 9223372036854775807 ஆக இருக்கக்கூடும், 2 இன் 63 ஆம் வலுவில் ஒன்று குறைவு. அதை 7 ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மீதி வராது. 63 ஐ 3 வகுப்பதில்தான் காரணம் இருக்கிறது. மிச்சத்தை அவளே கண்டுபிடித்து எழுதட்டும்.