துணையை இழந்தபின் இதயம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கணவர் இறந்து 9 நாள் ஆகிறது. நெஞ்சை அழுத்துவது போலவே இருக்கிறது. துக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள்.

பதில்: அப்படியும் இருக்கலாம், ஆனால் அதை ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும்தான் சொல்ல வேண்டும், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அல்ல. இன்றே போங்கள். நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் வழக்கத்தைவிடச் சுமார் 21 மடங்கு கூடுவதாக 2012-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. நாள் போகப் போக அது குறைகிறது, ஒரே நாளில் மறைந்துவிடுவதில்லை. அழுத்தம் கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினால், வேர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பெண்களுக்குச் சில சமயம் குமட்டலும் அசதியுமாக மட்டுமே வரும், அதனாலேயே கோட்டை விடுகிறோம்.

கேள்வி: துக்கத்தில் இதயம் நிஜமாகவே பாதிக்கப்படுமா?

பதில்: ஆமாம். டகோட்சுபோ என்று பெயர். 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். இதயத்தின் கீழ்ப்பகுதி பலூன் போல உப்பிக்கொள்ள, பார்க்க ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானை மாதிரி இருந்ததாம், அதனால்தான் அந்தப் பெயர். வலி, ஈசிஜி எல்லாமே மாரடைப்பு போலத்தான், ஆஞ்சியோ செய்தால் அடைப்பு இருக்காது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள், ஆனாலும் முதல் சில நாள் ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 68. பிரஷர் மாத்திரையை மனைவிதான் கையில் கொடுப்பார். இப்போது எது எதற்கென்றே தெரியவில்லை. பாதி நாள் போடுவதில்லை.

பதில்: இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அட்டைகள் எல்லாவற்றையும், காலி அட்டை உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். எந்த மாத்திரை, எந்த வேளை என்று அட்டையின் மேலேயே பேனாவால் எழுதி வாங்குங்கள். அப்புறம் 7 நாளுக்கான மாத்திரை டப்பா ஒன்று. உங்கள் மாத்திரைகளில் பீட்டா பிளாக்கர் (துடிப்பையும் பிரஷரையும் குறைக்கும் மாத்திரை) இருந்து, அதைத் திடீரென நிறுத்தினால் பிரஷரும் துடிப்பும் எகிறும், சிலருக்கு நெஞ்சுவலியே வரும். 1969-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைக் கவனித்தபோது, முதல் 6 மாதத்தில் இறப்பு எதிர்பார்த்ததைவிட 40 சதவீதம் கூடியிருந்தது. பெரும்பங்கு இதயநோய்தான்.

கேள்வி: தூக்கமே இல்லை. ராத்திரி இரண்டு பெக் போட்டால் தப்பா?

பதில்: வேண்டாம். படுத்ததும் தூக்கம் வரும், 3 மணிக்கு முழிப்பும் வரும், கூடவே படபடப்பும். மகனோடோ நண்பரோடோ சாயங்காலம் அரை மணி நடங்கள், பேசாமல் நடந்தாலும் சரி.