கழுத்துப் பிடி தளர்ந்த தோட்டா

கேள்வி: அண்ணே, ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் மச்சான் உரிமம் வாங்கி, ரைபிள் போட்டிகளில் சுடுகிறவர். சுட்ட பித்தளைக் கூடுகளில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் ஏற்றுகிறார். ஒரே டையில் (கூட்டைச் சுருக்கி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) போட்டாலும் சில கூடு குண்டை இறுக்கிப் பிடிக்கிறது. சிலதில் விரலால் அழுத்தினாலே குண்டு உள்ளே இறங்குகிறது. டையை மாற்றச் சொல்லலாமா?
– தேவிபட்டினம் வாசகர்

பதில்: டை இருக்கட்டும் தம்பி. அந்தக் கூடுகள் ஒவ்வொன்றும் எத்தனை தடவை சுடப்பட்டவை என்று முதலில் கேளுங்கள். புதுசும் பழசும் கலந்து கிடக்கும் என்றே நினைக்கிறேன்.

கனடாவில் துப்பாக்கிப் பட்டறையில் வேலை பார்த்தபோது இதைத்தான் அடிக்கடி பார்த்தேன். .308 ரைபிள் குண்டின் விட்டம் 0.308 அங்குலம். கூட்டின் கழுத்தில் (குண்டைப் பிடிக்கும் வாய்ப்பகுதி) உள்விட்டம் 0.306 இருந்தால் போதும், அந்த 0.002 அங்குலம்தான் பிடி. இப்போது மண்டபத்தில் விசைப்படகு இன்ஜினுக்கு புஷ் (துளைக்குள் இறுக்கிப் பொருத்தும் உலோக வளையம்) அடிக்கிறேன், அதிலும் இதே கணக்குதான். ஆனால் புஷ் அடித்த இடத்தில் கிடக்கும். பித்தளைக் கழுத்து சுடும்போது விரியும், டையில் சுருங்கும், மறுபடி விரியும். ஒவ்வொரு முறையும் கெட்டிப்படும். கெட்டிப்பட்டது டையை விட்டு வந்ததும் கொஞ்சம் விரிந்துகொள்ளும். அதனால்தான் ஒரே டையில் இரண்டு விதப் பிடி.

சிலர் பிடி போதவில்லை என்று கழுத்தைக் குண்டைவிட 0.005 அங்குலம் வரை சிறிதாகச் சுருக்குவார்கள். வீண் வேலை. ஓரளவுக்கு மேல் போனால் உள்ளே இறங்கும் குண்டே கழுத்தை விரித்துவிடும்; பிடி கூடாது, குண்டுதான் கோணும்.

மச்சான் செய்ய வேண்டியது, கூடுகளைச் சுட்ட எண்ணிக்கைப்படி பிரித்து வைப்பது. பிறகு கழுத்தையும் தோளையும் (கழுத்துக்குக் கீழே சரிந்து அகலும் பகுதி) மட்டும் சூடு காட்டிப் பதம் இறக்குவது, அதாவது கெட்டிப்பட்ட பித்தளையை இளக்குவது. அடிப்பாகத்தில் சூடு ஏறவே கூடாது. அங்கே பித்தளை இளகினால் சுடும்போது அடி பிளந்து, வாயு சுடுகிறவர் முகத்துக்கே வரும். கடைசியாக ஒரு மாண்ட்ரலை (அளவான உருட்டுக் கம்பி) கழுத்துக்குள் விட்டெடுத்தால் உள்விட்டம் சீராகும்.

பித்தளைக் கூடு கெடுவதில் நம் மழைக்காலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் குதிரை லாயத்தில் வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. கூட்டைச் செய்யும்போது பித்தளைக்குள் தங்கிய இழுவிசையும், குதிரை மூத்திரத்து அமோனியாவும் சேர்ந்த வினை என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் விளக்கினார்கள். ஆகவே அமோனியா கலந்த பாலிஷால் கூடுகளைத் துடைக்க வேண்டாம்.

விரலுக்கே இறங்கும் தோட்டாவைச் சுடவே கூடாது. குண்டு உள்ளே போனால் மருந்துக்கு இடம் குறைந்து அழுத்தம் எகிறும். குண்டைக் கழற்றி, மருந்தைக் கொட்டிவிட்டு, கூட்டை மறுபடி டையில் போடச் சொல்லுங்கள். மருந்து ஏற்றிய தோட்டாவுக்குச் சூடு காட்டவே கூடாது.

நீங்கள் ஊரில் முயற்சி செய்ய வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும்.