காகம் எழுதுற விஷயமில்லை

வணக்கம் ஐயா,

கொட்டாஞ்சேனையில் தரம் 2 படிப்பிக்கிறேன். வகுப்பில் 34 பிள்ளைகள். ஆளுக்கொரு கொப்பி கொடுத்து, சனி ஞாயிறு செய்தவற்றைத் திங்கட்கிழமை எழுதி வரச் சொன்னேன். "காலையில் எழும்பினேன். பல் தீட்டினேன். முகம் கழுவினேன். தேநீர் குடித்தேன். விளையாடினேன்." எல்லாக் கொப்பியிலும் இந்த ஐந்து வரிதான். சிலருக்கு அம்மாவே எழுதி அனுப்புகிறார். இந்த வயதில் நாட்குறிப்பு வேண்டாத வேலையா?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சருக்கு,

வேண்டிய வேலைதான். ஆனால் "என்ன செய்தாய்?" என்று கேட்டால் ஏழு வயதுப் பிள்ளை பட்டியல்தான் தரும். என்னைக் கேட்டாலும் அதே ஐந்து வரிதான், விளையாட்டு மட்டும் இராது.

என் பேத்தியும் தரம் 2தான், வெள்ளவத்தையில். போன மாதம் இந்த ஐந்து வரியையும் எழுதிக் கொப்பியை மூடிய கையோடு ஒரு கதை சொன்னாள். கடற்கரையில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நின்றபோது ஒரு காகம் அதைப் பறித்துக்கொண்டு போனதாம். தண்டவாளத்தில் வைத்துக் கொத்தியதாம். ரயில் வந்ததும் ரோல்ஸை விட்டுவிட்டுப் பறந்ததாம். "இதை ஏன் எழுதவில்லை?" என்றேன். "அது எழுதுற விஷயமில்லை, அம்மப்பா."

இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பல் தீட்டியது எழுதுவதற்கு, காகம் பேசுவதற்கு என்று யார் பிரித்துக் கொடுத்தார்கள்? தமிழில் இந்த வேலி கொஞ்சம் உயரம். பிள்ளை "போனன்" என்கிறது; கொப்பி "போனேன்" கேட்கிறது. ல, ள, ழ வேறு. எந்த எழுத்து என்று தேடி முடிப்பதற்குள் காகம் பறந்துவிடும். "பல் தீட்டினேன்" என்றால் பயமில்லை, ஏற்கெனவே சரி போட்டு வாங்கிய வசனம்.

அதனால் முதலில் படம் கீறட்டும். பிறகு படத்தைப் பற்றிச் சொல்லட்டும். எழுத வராத பிள்ளை சொல்வதில் ஒரு வசனத்தை, அது சொன்னபடியே, படத்தின் கீழ் நீங்கள் எழுதிக் கொடுங்கள். "போனன்" என்றால் "போனன்"தான். நடுவில் சிங்களச் சொல் வந்தால் அதுவும் இருக்கட்டும், கொழும்புப் பிள்ளைதானே. 34 பேருக்கு எப்படி என்பீர்கள். நாளைக்கு ஏழு பேர் என்று பிரித்தால் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள். காலிமுகத்திடலுக்குப் போன கதையைக் கேட்டால் "நன்றாக இருந்தது" என்று வரும். பட்டம் அறுந்ததா, யார் அழுதது என்று கேட்டுப் பாருங்கள்.

சிவப்புப் பேனை சொல்வதெழுதல் கொப்பியோடு நிற்கட்டும். இந்தக் கொப்பியில் ஒரு வரி பதில் போதும். பிள்ளை "காஹம்" என்று எழுதியிருந்தால் "காகம் திரும்பி வந்ததா?" என்று கேட்டு எழுதுங்கள். சரியான எழுத்து கண்ணில் பட்டுவிடும், பதில் சொல்லும் ஆசையும் வரும். புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழும் பேச்சுத் தமிழும் பிறமொழிச் சொல்லும் கலந்ததுதான். நம் பரீட்சையில் அவருக்கு எத்தனை புள்ளி கிடைக்கும் என்று நினைத்துச் சிரிப்பதுண்டு.

அம்மாமார் விஷயம் சுலபம்: கொப்பி வகுப்பு அலுமாரியிலேயே இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று, இது முக்கியம். நீங்கள் வாசிப்பீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் கேட்க வேண்டாம் என்று பிள்ளை மடித்துத் தந்த பக்கத்தை வகுப்பில் உரக்க வாசிக்க மாட்டீர்கள் என்றும் சொல்லுங்கள். ஆனால் யாரோ அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்று ஒரு பிள்ளை எழுதினால் அதை இரகசியமாக வைக்கக் கூடாது. அதிபரிடம் சொல்லுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கமும் இருக்கிறது.

பேத்தியின் கொப்பியில் காகம் ஏறிவிட்டது. "காகம் என்ட ரோள்ஸை துக்கிட்டுது" என்று எழுதியிருந்தாள். நான் கை வைக்கவில்லை. மறுநாள் பார்த்தால் அவளுடைய அம்மா அழித்துத் திருத்தியிருந்தாள்.