செப்டிக் டேங்கில் ஆளை இறக்க வேண்டாம் என்று ஒருவர் மட்டும் சொன்னால்

பன்னிரண்டு வீட்டில் பதினொரு வீடு "ஆளை இறக்கினால் சீக்கிரம் முடியும், செலவும் கம்மி" என்கிறது, நான் மட்டும் ஏன் கெட்ட பெயர் வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குங்கள், பரவாயில்லை. எங்கள் குடியிருப்பில் நானும் வாங்கினேன். மூன்று மாதம் லிஃப்டில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்கு முந்தைய முறை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். வந்தவர் சட்டையைக் கழற்றி, மடித்து, என் ஸ்கூட்டர் சீட்டில் வைத்துவிட்டு, துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கினார். நல்லபடியாக ஏறியும் வந்தார். ஆனால் அந்தச் சட்டை இன்னும் கண்ணில் நிற்கிறது.

கூட்டத்தில் மனசாட்சி என்று ஆரம்பிக்காதீர்கள், சிரிப்பார்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பேசுங்கள்: பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்கினால் முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். "மூடியைத் திறந்து வைத்தால் வாயு போய்விடும்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். தொட்டிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு அதிகமானால் மூக்கே மரத்துவிடும், நாற்றம் தெரியாது. அடிச்சேற்றைக் கிளறும்போதுதான் அது குபீரென்று கிளம்பும்.

கையோடு மாற்று வழியும் கொண்டு போங்கள். தமிழ்நாடு என்றால் 14420-க்கு அடித்துக் கழிவுநீர் லாரி கேட்கலாம். அப்படியும் மசியவில்லையா, உங்கள் மறுப்பைத் தீர்மானப் புத்தகத்தில் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். எங்கள் செயலாளர் பேனாவைத் திறந்தார், கொஞ்சம் யோசித்தார், அப்புறம் "சரி, லாரிக்காரர் நம்பர் யார்கிட்ட இருக்கு?" என்றார்.