பழைய தொகுப்பு வீட்டுக்கு எந்தப் பெயின்ட்?

கேள்வி: எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அணியில் 25 பேர். ஏழு நாள் முகாமில், கூலி வேலைக்குப் போகும் ஒரு அம்மாவின் பழைய தொகுப்பு வீட்டைச் சரிசெய்து பெயின்ட் அடிக்கப் போகிறோம். சுவரின் அடிப்பகுதி பொரிந்து உதிர்கிறது, சமையல் மூலையில் கூரை ஒழுகுகிறது. கையில் 15,000 ரூபாய். எந்தப் பெயின்ட் வாங்கலாம்?

பதில்: பெயின்ட் கடைக்கு இப்போது போகாதீர்கள். முதலில் ஒரு கொத்தனாரோடு போய், ஒழுகும் மூலையில் அண்ணாந்து பாருங்கள். இந்த வயது வீடுகளில் கூரைக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதி, காரையைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கும். நீளமான கழியால் தள்ளி நின்று தட்டினால் டொப்பென்று சத்தம் வருகிற இடம் எப்போது வேண்டுமானாலும் விழலாம். அப்படி இருந்தால் மாணவர்களை அதன் கீழ் நிறுத்தவே கூடாது, அது பொறியாளர் பார்க்க வேண்டிய வேலை, பெயின்ட் அடித்தால் விரிசல் மறைந்து ஆபத்துதான் கூடும். பழைய அரசு வீடுகளைப் பழுதுபார்க்கத் தமிழக அரசு 2024இல் ஒரு திட்டம் அறிவித்தது. இந்த வீடு அதில் வருமா என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் விசாரித்து, மனு எழுத அந்த அம்மாவுக்குத் துணைக்குப் போங்கள். வெறும் விரிசல்தான் என்றால் மாடியைக் கூட்டி, கொத்தனாரை வைத்து அடைத்து, தண்ணீர் தேக்கிப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் சுவர். அது தரையிலிருந்து ஏறும் ஓதம். ஈரம் மேலே வரும்போது உப்பையும் கொண்டுவந்து பூச்சுக்குள் விட்டுப் போகிறது. அதன் மேல் பட்டி (சுவரைச் சமப்படுத்தும் மாவு) வைத்து எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட்) அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடுத்த மழைக்கே கொப்புளம் கொப்புளமாக எழும்பும். பொரிந்த இடத்துக்கு ஓர் அடி மேல்வரை பூச்சைக் கொத்தி, உப்பைக் கம்பி பிரஷ்ஷால் உலர்வாகவே தேய்த்துவிட்டு (கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும்) புதிதாகப் பூச வேண்டும். புதுப்பூச்சுக்கு ஒரு வாரம் தண்ணீர் காட்டி, மூன்று வாரமாவது காயவிட வேண்டும். அதாவது கொத்தனார் வேலை முகாமுக்கு ஒரு மாதம் முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். பணத்தில் பெரும்பகுதி அங்கேதான் போகும், போகட்டும்.

உள்சுவருக்கு என் ஓட்டு சுண்ணாம்புக்கு. வெறும் வெள்ளையடிப்பா என்று பிள்ளைகள் முகம் சுளிக்கலாம், ஆனால் ஓதச் சுவர் மூச்சுவிட அதுதான் சரி, விலையும் குறைவு. கல் சுண்ணாம்பை முந்தின நாளே இரும்பு டிரம்மில் ஊறப்போடுங்கள், பிளாஸ்டிக் பக்கெட் வேண்டாம், உருகிவிடும். தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள். கண்ணில் பட்டால் நிறைய தண்ணீரால் விடாமல் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிதான்.

வண்ணம்தான் வேண்டும் என்று அந்த அம்மா ஆசைப்பட்டால், ஓதம் இல்லாத முன்பக்கச் சுவருக்கு மட்டும் எமல்ஷன் வாங்குங்கள், லிட்டருக்கு ஒரு கோட்டில் சுமார் 100 சதுர அடி வரும் என்று கணக்குப் போடலாம். நிறத்தை அவரே சொல்லட்டும்.

கதவு ஜன்னல்களில் இருக்கும் பழைய எனாமலை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான், அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேய்த்து, தூளைத் துணியால் வழித்தெடுங்கள், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

இருபத்தைந்து பேரும் ஒரே வீட்டுக்குள் நின்றால் வேலை ஓடாது. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் போதும். மற்றவர்கள் குளியல் தண்ணீர் சுவரோரம் தேங்காமல் வாய்க்கால் வெட்டட்டும், ஓதம் குறைய அதுவும் உதவும். இரவு வீட்டுக்காரர்கள் படுக்க இடம் வேண்டுமே, அதனால் ஒரு நாளைக்கு ஓர் அறையை மட்டும் காலி செய்யுங்கள். ரேஷன் கார்டு, பட்டா, நகை எல்லாம் அந்த அம்மா கையிலேயே இருக்கட்டும். ஸ்விட்ச் போர்டு பக்கம் போவதற்கு முன் மெயினை அணைத்துவிடுங்கள்.