உவர்நீரில் எடுத்த டயாட்டம் (சிலிக்கா ஓடுள்ள ஒருசெல் பாசி) புது இனம்தானா? மைக்ராஸ்கோப் படத்தை வைத்தே சொல்லிவிட முடியுமா?

முடியாது. நீங்கள் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்கிறீர்கள், கைடிடம் காட்டத் தயங்கி இங்கே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அங்கே நின்றவன்தான்.

எனக்கு எர்ணாவூர். எண்ணூர் கழிமுகத்தில் தண்ணீர் வற்றும் நேரம் சேற்றின்மேல் பழுப்பாக ஒரு டயாட்டம் படலம் தெரியும். காட்டுக்குப்பத்து அண்ணன் ஒருவர்தான் படகில் கூட்டிப்போய்க் காட்டினார். சுரண்டி வந்து, ஆசிட்டில் சுத்தம் செய்து, ஸ்லைடு போட்டால் இரண்டு வடிவம். ஒன்று படகு மாதிரி நீளம், இன்னொன்று முட்டை மாதிரி குட்டை. தேசிகாச்சாரியின் டயாட்டம் அட்லஸ் வரை புரட்டிவிட்டேன், குட்டையானது எதிலும் இல்லை. மனசுக்குள் பெயரே வைத்துவிட்டேன்.

டயாட்டத்தின் சிலிக்கா ஓடு டப்பாவும் மூடியும் போல. செல் பிரியும்போது ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு, அதற்குள் அடங்குகிற மறுபாதியைப் புதிதாகச் செய்துகொள்ளும். டப்பாப் பாதி கிடைத்த செல் ஒரு சுற்று சின்னதாகிவிடும். தலைமுறைக்குத் தலைமுறை இப்படியே சிறுத்து வடிவமும் மாறும். பிறகு ஆக்ஸோஸ்போர் என்கிற, ஓட்டுக்கு வெளியே பெருத்து வளரும் செல் உண்டாகித்தான் பழைய அளவு திரும்பும். இது பாடத்தில் படித்ததுதான், ஆனால் என் ஸ்லைடில் எனக்கு உறைக்கவில்லை. அதே சேற்றுக்கு நாலைந்து மாதம் திரும்பத் திரும்பப் போன பிறகு, நீளத்துக்கும் குட்டைக்கும் நடுவே எல்லா அளவும் கிடைத்தன. ஓட்டின்மேல் 10 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) எத்தனை வரிக்கோடு என்று எண்ணினேன். எல்லாவற்றிலும் ஒரே கணக்கு. ஏற்கெனவே பெயருள்ள இனம்.

அதனால் ஒரு செல்லை நம்பாதீர்கள், கூட்டத்தைப் பாருங்கள். வரிக்குள் இருக்கும் துளைகளைப் பார்க்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். அதற்குப் பிறகும் புதிது என்றால் அந்தப் பெயருக்கு ஆதாரமான மூல ஸ்லைடை ஒரு ஹெர்பேரியத்தில் (தாவர மாதிரிகளைப் பாதுகாக்கும் இடம்) சேர்க்க வேண்டும். புது இனத்துக்குப் பெயர் வைக்க 2012 முதல் லத்தீன் விவரிப்பு கட்டாயமில்லை, ஆங்கிலமே போதும்.

'டி.என்.ஏ. பார்த்தால் முடிந்தது' என்று யாராவது வருவார்கள். பாருங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழைய இனங்கள் பலவற்றுக்கு வெறும் ஓடுதான் சாட்சி. அவற்றோடு ஒப்பிட உங்களுக்கும் ஓடுதான் வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். நன்றியுரையில் அந்த அண்ணன் பெயரைப் போட்டிருந்தேன். 'படகுக்காரர் பெயரெல்லாம் எதற்கு' என்று எடுக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் கறுத்துக் கிடந்தபோது, படலம் திரும்பப் படிகிறதா என்று போய்ப் பார்த்து எனக்கு போன் செய்தவர் அவர்தான். உங்கள் கட்டுரையில் அப்படி ஒருவர் இருந்தால், யார் சொன்னாலும் அந்தப் பெயரை எடுக்காதீர்கள்.